அசையும் சூரியன்: ஆர்வலர்களின் சிறு தொலைநோக்கியும் படப்பதிவும்

1859 செப்டம்பர் 1, முற்பகல். இங்கிலாந்தின் ரெட்ஹில்லில், தன் சொந்தச் செலவில் கட்டிய ஆய்வகத்தில் ரிச்சர்ட் காரிங்டன் வழக்கம்போலச் சூரியப் புள்ளிகளை வரைந்துகொண்டிருந்தார். தொலைநோக்கி வழியே வரும் சூரிய பிம்பம் ஒரு திரையில் விழும். அதைப் பார்த்துப் பார்த்து வரைவதுதான் முறை. 11 மணி 18 நிமிடம் இருக்கும். பெரிய புள்ளிக்கூட்டம் ஒன்றின் மேல் இரண்டு வெள்ளை ஒளித்துண்டுகள் திடீரென்று பளிச்சிட்டன. தான் கண்டதற்குச் சாட்சி வேண்டுமே என்று யாரையாவது அழைத்துவர ஓடினார். ஒரு நிமிடத்துக்குள் திரும்பிவிட்டார்; அதற்குள் அந்த ஒளி பெரிதும் மங்கிவிட்டது. 11.23க்கு அது இருந்த சுவடே இல்லை.

மனிதர் பார்த்துக் குறித்துவைத்த முதல் சூரியச் சுடர் அது. அன்று அதே சமயத்தில் ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் என்ற இன்னொரு ஆர்வலரும் வேறோர் இடத்தில் அதைப் பார்த்திருந்தார் என்பதால்தான் அந்தச் செய்தி ஐயமின்றி நிலைத்தது. காரிங்டனிடம் அன்று இல்லாத ஒன்று, ஓடிப்போய்த் திரும்பும் அந்த ஒரு நிமிடத்தில் சூரியனைப் பார்த்துக்கொண்டே இருக்கும் ஒரு கருவி. இன்று அது மொட்டைமாடியில் முக்காலியின் மேல் நிற்கிறது. 40 மில்லிமீட்டர் துளை கொண்ட சிறு தொலைநோக்கி, அதன் பின்னால் தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய கேமரா, பக்கத்தில் ஒரு மடிக்கணினி.

விண்கலங்களும் பெரும் ஆய்வகங்களும் சூரியனை இரவும் பகலும் படமெடுக்கும் காலத்தில் இந்தச் சிறு கருவிக்கு என்ன வேலை? அது எடுக்கும் படம் அழகுக்கு மட்டும்தானா, அறிவுக்கும் உதவுமா? எந்த நிபந்தனைகளில் உதவும்? இக்கட்டுரை இந்தக் கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறது.

எந்த ஒளியில் பார்ப்பது?

சூரியனைப் படமெடுக்க முனைபவர் முதலில் முடிவு செய்யவேண்டியது எந்த ஒளியில் பார்ப்பது என்பதை. ஒளியை மாற்றினால் பார்க்கும் அடுக்கு மாறிவிடும்.

வெண்ணொளியில் தெரிவது ஒளிமண்டலம். தொலைநோக்கியின் முகப்பில், ஒளியில் லட்சத்தில் ஒரு பங்கை மட்டும் விடும் மெல்லிய படலத்தை மாட்டினால் போதும். செலவு மிகக் குறைவு. கரும்புள்ளிகள், அவற்றைச் சுற்றிய சாம்பல் நிற ஓரங்கள், விளிம்பருகே வெளிறித் தெரியும் திட்டுகள், சற்றே பெரிய துளையில் சோற்றுப் பருக்கைகளைப் பரப்பியதுபோன்ற குறுமணிகள் ஆகியவை தெரியும். ஒரு குறுமணியின் அகலம் ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர். ஆனால் இந்த அடுக்கில் மாற்றம் மெதுவானது. ஒரு புள்ளிக்கூட்டம் உருமாறுவதைக் காணப் பல மணி நேரமோ சில நாட்களோ ஆகும்.

ஊதா ஓரத்தில் 393.4 நானோமீட்டரில் கால்சியம் கே கோடு இருக்கிறது. இந்த ஒளியில் காந்தப்புலம் வலுவாக உள்ள இடங்கள் வெண்மையாக ஒளிரும். கேமராவுக்கு ஏற்ற ஒளி இது. கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது, வயது ஏறஏற இன்னும் தெரியாது.

மூன்றாவது ஹைட்ரஜன் ஆல்ஃபா: 656.28 நானோமீட்டரில் உள்ள ஆழ்ந்த சிவப்பு. ஃபிரான்ஹோஃபர் 1814இல் சூரிய நிறமாலையின் இருண்ட கோடுகளுக்குப் பெயரிட்டபோது சி என்று குறித்த அதே கோடு. ஒளிமண்டலத்துக்கு மேலுள்ள நிறமண்டலம் இந்த ஒளியில்தான் முழுமையாக வெளிப்படுகிறது. விளிம்பில் வளைந்து எழும் பிழம்புகள், அதே பிழம்புகள் வட்டின் மேல் கிடக்கும்போது கருநிற இழைகளாகத் தெரியும் கோலம், புள்ளிகளைச் சுற்றிச் சுழிக்கும் நார்கள், சுடர்கள் எல்லாம் இதில் கிடைக்கும். இங்கே மாற்றம் நிமிடக் கணக்கில் நடக்கிறது. அசையும் படம் எடுக்க விரும்புகிறவர்களில் மிகப் பலர் கடைசியில் ஹைட்ரஜன் ஆல்ஃபாவுக்கே வந்து சேர்வதற்கு இதுவே காரணம்.

வினாடிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பிழம்பு எழுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நிமிடத்தில் அது 12,000 கிலோமீட்டர் நகரும். கிட்டத்தட்டப் பூமியின் விட்டம். வானில் கோணத்தை அளக்கும் நுண்ணலகான வில்நொடியில் அந்தத் தூரம் 17 அளவு தெரியும். 40 மில்லிமீட்டர் தொலைநோக்கி இந்தச் சிவப்பில் பிரித்துக் காட்டக்கூடிய நுண்மை 4 வில்நொடி. ஆகவே மிகச் சிறிய கருவியிலும் அடுத்தடுத்த நிமிடங்களில் எடுத்த இரண்டு படங்களை ஒப்பிட்டால் பிழம்பு இடம்மாறியிருப்பது தெரிந்துவிடும். நிமிடத்துக்கு நிமிடம் தன் மேற்பரப்பில் நடக்கும் மாற்றத்தை இவ்வளவு சிறிய கருவிக்குக் காட்டும் விண்மீன் வேறு எதுவும் இல்லை.

படம் அசையத் தொடங்கிய கதை

சூரியனின் முதல் தெளிவான ஒளிப்படத்தை 1845 ஏப்ரல் 2 அன்று ஃபிசோவும் ஃபூக்கோவும் பாரிசில் எடுத்தார்கள். அந்த வெள்ளித்தகட்டில் கரும்புள்ளிகள் தெரிகின்றன. ஆனால் விளிம்பில் எழும் பிழம்புகளைக் காண முழுச் சூரிய கிரகணத்துக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் கட்டு உடைந்தது ஆந்திரத்தின் குண்டூரில். 1868 ஆகஸ்ட் 18 கிரகணத்துக்காக அங்கே வந்திருந்த பிரெஞ்சு அறிவியலாளர் ஜான்சன், பிழம்புகளின் நிறமாலைக் கோடுகள் மிகப் பிரகாசமாக இருப்பதைக் கண்டார். கிரகணம் இல்லாமலும் இது தெரியுமே என்று அவருக்குப் பட்டது. மறுநாள் காலை பார்த்தார்; தெரிந்தது. அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தில் நார்மன் லாக்யர் இதைத் தனியாகக் கண்டறிந்தார். அப்போது அவர் போர் அலுவலக எழுத்தர். வானியல் அவருடைய ஓய்வுநேர ஈடுபாடு.

1890களின் தொடக்கத்தில் ஜார்ஜ் எல்லரி ஹேல், சிக்காகோவில் தன் குடும்பம் அமைத்துக்கொடுத்த கென்வுட் ஆய்வகத்தில், நிறமாலையின் ஒரே ஒரு கோட்டை மட்டும் பிளவு வழியே எடுத்துச் சூரியனை வரிவரியாக வருடிப் படமாக்கும் கருவியை உருவாக்கினார். அதே காலத்தில் பாரிசில் டெலாண்டரும் அதே வழியைக் கண்டார். ஒற்றை நிறச் சூரியப் படம் பிறந்தது அப்படித்தான்.

சினிமா பிறந்தவுடனேயே அதைச் சூரியனை நோக்கித் திருப்பியவர்களும் உண்டு. மந்திரவித்தைக்காரர் நெவில் மாஸ்கலின் 1898 ஜனவரியில் இந்தியாவுக்கு வந்து முழுக் கிரகணத்தைப் படச்சுருளில் பதிவுசெய்தார்; ஊர் திரும்பும் வழியில் அந்தச் சுருள் திருடுபோனது. 1900 மே 28 அன்று அமெரிக்காவின் வட கரோலினாவில் அவர் எடுத்த இரண்டாவது சுருள் தப்பியது. 2019இல் அதைச் சீரமைத்து வெளியிட்டார்கள்.

ஆனால் கிரகணமில்லாத நாளில் சூரியனை நிமிடத்துக்கு நிமிடம் தொடர்ந்து படமெடுத்து ஓடவிட்டுப் பார்க்கும் கலையை வளர்த்ததில் பெரும்பங்கு மூன்று ஆர்வலர்களுக்கு உரியது. அமெரிக்காவின் மிச்சிகனில் ஏஞ்சலஸ் ஏரிக்கரையில் பாலங்கள் கட்டும் பொறியாளர் ஃபிரான்சிஸ் மெக்மாத், தொழிலதிபரான அவர் மகன் ராபர்ட், நண்பர் நீதிபதி ஹென்றி ஹல்பர்ட் ஆகியோர் ஓய்வுநேர விருப்பமாக ஓர் ஆய்வகத்தைக் கட்டினார்கள். 1931இல் அதை மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு அளித்தார்கள். 1932 முதல் ஹேலின் கருவியோடு திரைப்படக் கேமராவை இணைத்துப் பிழம்புகளின் இயக்கத்தைப் படமாக்கினார்கள். படத்தை ஓடவிட்டபோது, பல பிழம்புகளில் பொருள் மேலே பீய்ச்சுவதைவிட மேலிருந்து வளைவுகளின் வழியே கீழே பொழிவதுதான் மிகுதியாகத் தெரிந்தது. தனிப்படங்களை எத்தனை முறை பார்த்தாலும் வடிவம்தான் தெரியும். பொருள் எந்தத் திசையில் போகிறது என்பதை அசைவே காட்டியது. அதே பத்தாண்டில் பிரான்சின் பிக் டு மிடி மலையுச்சியில் பெர்னார்ட் லியோ, தான் கண்டுபிடித்த, சூரிய வட்டை மறைத்து விளிம்பைக் காட்டும் கொரோனாகிராஃப் வழியே எடுத்த பிழம்புப் படங்களும் இப்படியே பார்த்தவர்களை வியக்கவைத்தன.

1959–60 ஆண்டுகளில் கலிஃபோர்னியாவில் கெய்ல் மோர்ட்டன், ஹைட்ரஜன் ஆல்ஃபாவில் விரைவுப் படங்களை எடுத்துவந்தார். சில சுடர்கள் வெடித்ததும் குளத்தில் கல் விழுந்ததுபோல் ஓர் அலை வினாடிக்கு ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் வட்டின் மேல் பரவுவதை அவற்றில் கண்டார். இன்று அது அவர் பெயரால் மோர்ட்டன் அலை என்று அறியப்படுகிறது. தனிப்படத்தில் அந்த அலை ஒரு மங்கல் கறை. அடுத்தடுத்த படங்களை ஓட்டிப் பார்த்ததால்தான் அது அலை என்று தெரிந்தது.

கொடைக்கானல் சொல்லும் பாடம்

தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிகள் வழி கேட்ட 1876–78 பெரும் பஞ்சத்துக்குப் பிறகு, மழைக்கும் சூரியனுக்கும் தொடர்பு உண்டா என்பதை அறியச் சூரியனை ஒழுங்காகக் கவனிக்கவேண்டும் என்ற கருத்து வலுத்தது. அதன் தொடர்ச்சியாக 1899இல் கொடைக்கானலில் சூரிய ஆய்வகம் எழுந்தது. 1904 முதல் வெண்ணொளிப் படங்கள், அதையொட்டிக் கால்சியம் கே படங்கள், 1912 முதல் ஹைட்ரஜன் ஆல்ஃபா படங்கள் என்று வானம் தெளிந்த நாட்களில் எல்லாம் அங்கே படமெடுத்தார்கள். நூறாண்டுக்கும் மேற்பட்ட அந்தத் தகடுகளும் சுருள்களும் இப்போது எண்மயமாகி, உலகெங்கும் சூரிய ஆய்வாளர்களுக்குப் பயன்படுகின்றன.

இரண்டு செய்திகள் இங்கே ஆர்வலர்களுக்கு முக்கியமானவை. வெண்ணொளிப் படங்களை எடுத்த தொலைநோக்கியின் துளை வெறும் 15 சென்டிமீட்டர். 1850இல் வாங்கிய பழைய கருவியைச் சீர்செய்து பயன்படுத்தினார்கள். இன்று அந்த அளவுக் கருவி பல ஆர்வலர்களின் வீட்டில் இருக்கிறது. அடுத்தது, புள்ளிகளின் சாம்பல் ஓரத்தில் வாயு மையத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்வதை 1909 ஜனவரியில் அங்கே கண்டறிந்த ஜான் எவர்ஷெட், 1907இல் கொடைக்கானலுக்கு வரும்வரை இங்கிலாந்தில் ஒரு தொழில் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே வீட்டில் சூரியனை ஆராய்ந்த ஆர்வலர். அவர் மனைவி மேரி எவர்ஷெட்டும் கொடைக்கானல் பிழம்புப் பதிவுகளை முனைந்து ஆராய்ந்தவர். ஒரே இடம், ஒரே வகைக் கருவி, நாள் தவறாத பதிவு: கொடைக்கானல் தொகுப்பின் மதிப்பு இந்த மூன்றில்தான் இருக்கிறது.

எட்டலான் என்னும் இதயம்

ஹைட்ரஜன் ஆல்ஃபா தொலைநோக்கியின் விலை ஏன் அதிகம்? கண்ணுக்குத் தெரியும் ஒளி ஏறக்குறைய 300 நானோமீட்டர் அகலத்துக்குப் பரந்திருக்கிறது. நிறமண்டலத்தைப் பார்க்க அதில் 0.07 நானோமீட்டரை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் தடுக்கவேண்டும். அதாவது நாலாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இதைச் செய்வது எட்டலான். பிரெஞ்சு இயற்பியலாளர்கள் ஃபாப்ரியும் பெரோவும் 1890களின் கடைசியில் வகுத்த முறை அது. மிக மட்டமாகத் தீட்டிய இரண்டு கண்ணாடிகள் மிகக் குறைந்த இடைவெளியில் எதிரெதிரே நிற்கும். அந்த இடைவெளிக்குள் ஒளி முன்னும்பின்னும் எதிரொளித்து, பொருந்தும் அலைநீளங்கள் மட்டும் வெளியே வரும். அப்படி வெளிவரும் பல அலைநீளங்களில் ஒன்றைத் தவிர மற்றவற்றைத் தடுக்கும் வடிகட்டி பின்னால் இருக்கும். தேவையற்ற வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் வடிகட்டி முன்னால் இருக்கும்.

எட்டலானைச் சரியாக 656.28இல் நிறுத்துவதற்கு மூன்று வழிகள் உண்டு: சற்றே சாய்ப்பது, இடைவெளியிலுள்ள காற்றின் அழுத்தத்தை மாற்றுவது, சூடாக்குவது. இதைத் துல்லியமாகச் செய்யக் கற்பதே முதல் பயிற்சி. சற்று விலகினால் வட்டின் மேலுள்ள நார்களும் இழைகளும் கரைந்து, வெறும் சிவப்புத் தட்டு மிஞ்சும். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு எட்டலான்களை வைத்தால் அலைநீள அகலம் இன்னும் குறுகி, வட்டின் நுணுக்கங்கள் ஆழ்ந்து தெரியும். ஒளி குறைவதால் விளிம்புப் பிழம்புகள் சற்று மங்கும்.

முன்பு இவ்வகை வடிகட்டிகள் ஆய்வகங்களுக்கும் வசதி படைத்த சிலருக்குமே எட்டின. 2004இல் கொரோனாடோ நிறுவனத்தின் 40 மில்லிமீட்டர் பி.எஸ்.டி. 500 டாலருக்குள் வந்தபோது நிலைமை மாறியது. உலகின் பல மூலைகளில் ஆசிரியர்களும் அஞ்சல் ஊழியர்களும் ஓய்வுபெற்றவர்களும் நிறமண்டலத்தை முதன்முதலாகத் தங்கள் கண்ணால் பார்த்தார்கள்.

அடுத்த திருப்பம் 2021இல் வந்தது. பிரான்சின் கிறிஸ்தியான் புய்ல், முப்பரிமாண அச்சில் வார்த்தெடுக்கும் உதிரிப்பாகங்களைக் கொண்டு சோலெக்ஸ் என்ற கருவியை வடிவமைத்து, திட்டவரைவுகளை எல்லோருக்கும் திறந்துவைத்தார். பிளவின் குறுக்கே சூரியனை ஓடவிட்டு, நிறமாலையை வீடியோவாகப் பதிந்து, கணினியில் வரிவரியாகச் சேர்த்தால் முழு வட்டுப் படம் கிடைத்துவிடும். கென்வுட்டில் ஹேல் செய்த அதே வேலைதான். எட்டலான் தேவையில்லை; ஒரே பதிவிலிருந்து கோட்டின் மையம், ஓரம், வாயுவின் வேகம் எல்லாவற்றையும் பிரித்தெடுக்கலாம். ஒரு வருடலுக்குச் சில நொடிகள் முதல் நிமிடம் வரை ஆவதால் மிக விரைவான நிகழ்வுகளைப் பிடிப்பதில் எட்டலானே இன்னும் முந்தி நிற்கிறது.

காற்று என்னும் எதிராளி

இரவில் வானத்தைப் பார்ப்பவரைவிடப் பகலில் பார்ப்பவருக்குக் காற்றின் தொல்லை அதிகம். வெயில் தரையைச் சுடுகிறது. தரை காற்றைச் சுடுகிறது. சூடான காற்று மேலெழும்போது பிம்பம் கொதிக்கும் நீரின் அடியில் கிடக்கும் காசுபோல நெளிகிறது. பெரிய துளை வாங்கினால் தீரும் சிக்கல் அல்ல இது. பல நாட்களில் 10 சென்டிமீட்டருக்கு மேலான துளை முழுப் பயனையும் தருவதில்லை.

நீர்நிலை இதற்கு நல்ல மருந்து. நீரின் மேல் காற்று அவ்வளவு கொந்தளிப்பதில்லை. கலிஃபோர்னியாவின் பிக் பேர் ஏரியிலும் உதய்ப்பூரின் ஃபதேசாகர் ஏரியிலும் சூரிய ஆய்வகங்கள் நீருக்கு நடுவே நிற்பதற்கு இதுதான் காரணம். மெக்மாத்தும் ஹல்பர்ட்டும் இடம் தேர்ந்தது ஏரிக்கரையில்தான். நம் ஊர் ஆர்வலருக்குச் சிமெண்ட் மொட்டைமாடி மிக வசதி, ஆனால் காலை பத்து மணிக்கே அது அடுப்பாகிவிடும். புல்தரையோ குளக்கரையோ கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் சூரியன் எழுந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள், மாடி சூடேறுமுன் எடுத்துவிட வேண்டும்.

தமிழ்நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. சூரியனைப் பின்தொடரும் தாங்கியின் அச்சு வட துருவத்தை நோக்கிச் சாய்ந்திருக்கவேண்டும். சாய்வு அந்த ஊரின் அட்சரேகைக்குச் சமம். கன்னியாகுமரியில் அது 8 பாகை, சென்னையில் 13 பாகை. சந்தையில் கிடைக்கும் தாங்கிகளில் பல, வட நாடுகளின் அட்சரேகையை மனத்தில் வைத்துச் செய்தவை. இவ்வளவு தாழச் சாய்த்தால் எதிர் எடை முக்காலியின் காலில் இடிக்கும். ஒரு காலின் அடியில் மரக்கட்டை வைத்தும் கால்களின் திசையை மாற்றியும் பலர் சமாளிக்கிறார்கள். பகலில் துருவ விண்மீன் தெரியாது என்பதால் திசைகாட்டியும் சாய்வுமானியும்தான் துணை. ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் நண்பகலில் சூரியன் தலைக்கு நேர் மேலே வரும்போது ஒளி கடக்கவேண்டிய காற்றின் அளவு மிகக் குறைவு. வட நாட்டார்க்குக் கிட்டாத வசதி அது.

கேமராவும் கணக்கும்

ஹைட்ரஜன் ஆல்ஃபாவுக்குக் கறுப்புவெள்ளைக் கேமராவே ஏற்றது. வண்ணக் கேமராவில் நான்கில் ஒரு பிக்சல் மட்டுமே சிவப்பைப் பார்க்கும். மற்ற மூன்றும் வீண். சூரிய பிம்பத்தின் அளவைக் குவியத்தூரத்தை 109ஆல் வகுத்து அறியலாம். 400 மில்லிமீட்டர் குவியத்தூரத்தில் பிம்பம் 3.7 மில்லிமீட்டர், சிறிய சென்சாரிலும் முழு வட்டு அடங்கும்.

காற்றின் நெளிவை வெல்லும் வழி விரைவு. வினாடிக்கு நூறு ஃபிரேம் வரை எடுத்து, அவற்றுள் தெளிவானவற்றை மென்பொருளால் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். ஃபயர்கேப்சர், ஷார்ப்கேப் ஆகியவை பதிவு செய்ய, ஆட்டோஸ்டாக்கர்ட் பொறுக்கி அடுக்க, இம்.பி.பி.ஜி. கூர்மை ஏற்றவும் வரிசையாக ஒட்டவும். இவற்றை எழுதியவர்களில் பலரும் ஆர்வலர்களே.

எவ்வளவு நேரம் ஃபிரேம்களைச் சேர்க்கலாம் என்பதற்குச் சூரியனே எல்லை வைக்கிறது. சூரியனில் ஒரு வில்நொடி என்பது ஏறக்குறைய 725 கிலோமீட்டர். பொருள் வினாடிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்தால் 15 வினாடிக்குள் அந்தத் தூரத்தைக் கடந்துவிடும். நுண்மையான படம் வேண்டுமென்றால் ஒரு தொகுதியை அதற்குள் முடித்தாகவேண்டும். நீட்டினால் அடுக்கிய படத்தில் பிழம்பு தன் அசைவாலேயே மங்கும்.

தரவின் அளவும் மலைக்கவைக்கும். 1,936 × 1,216 பிக்சல் கொண்ட சென்சாரில் ஒரு ஃபிரேம் 2.35 மெகாபைட். நிமிடத்துக்கு ஒரு தொகுதி, தொகுதிக்கு 500 ஃபிரேம், மூன்று மணி நேரம் எடுத்தால் 90,000 ஃபிரேம்கள். 210 கிகாபைட்டுக்கு மேல். அவற்றிலிருந்து கிடைப்பது 180 படங்கள். வினாடிக்கு 24 வீதம் ஓடவிட்டால் ஏழரை வினாடிப் படம். மூன்று மணி நேர வெயில், கணினியில் ஓர் இரவு, கைக்கு வருவது ஏழரை வினாடி. அதில் ஒரு பிழம்பு எழுந்து, முறுக்கி, அறுந்து விண்வெளிக்குள் பறப்பதைப் பார்த்தவர் மறுநாளும் மாடிக்கு ஏறுவார்.

நடைமுறைத் தொல்லைகளும் உண்டு. ஒற்றை அலைநீள ஒளி என்பதால் சென்சாருக்கும் அதன் மூடிக் கண்ணாடிக்கும் இடையே எதிரொளித்து, படத்தின் மேல் வரிவரியாக நியூட்டன் வளையங்கள் தோன்றும். கேமராவை ஓரிரு பாகை சாய்த்து மாட்டினால் மறையும். சென்சாரில் படியும் தூசு அசையும் படத்தில் கொசுபோலத் திரியும். தொலைநோக்கியைக் குவியம் தப்பவைத்தோ முகப்பில் பரவொளித் தாள் வைத்தோ எடுத்த ஃபிளாட் படத்தால் அதை நீக்கலாம். வட்டும் பிழம்பும் ஒரே எக்ஸ்போஷரில் அடங்குவதில்லை. வட்டுக்கு ஏற்ற அளவில் பிழம்பு காணாமல்போகும், பிழம்புக்கு ஏற்ற அளவில் வட்டு வெளுத்துவிடும். ஆகவே இரண்டையும் தனித்தனியே எடுத்து இணைப்பவர்கள் பலர்.

படம் எவ்வளவு உண்மை?

இணைப்பு என்ற சொல் வந்ததும் நேர்மை பற்றிய கேள்வியும் வருகிறது. ஆர்வலர் படங்களில் காணும் பொன்னிறமும் செம்மஞ்சளும் கறுப்புவெள்ளைப் படத்துக்குப் பிறகு பூசிய வண்ணம். வட்டை மட்டும் எதிர்மறையாக்கி இருண்டதை வெளிறியதாக்கும் வழக்கமும் பரவியிருக்கிறது. நார்கள் புடைத்துத் தெரியும் என்பது அதன் கவர்ச்சி. கூர்மை அளவுமீறினால் இல்லாத நூல்கள் முளைக்கும். செயற்கை நுண்ணறிவால் நுணுக்கம் சேர்க்கும் மென்பொருள்களில் இந்த ஆபத்து பல மடங்கு. தான் பார்க்காத நுணுக்கத்தை அவை இட்டுக்கட்டி வைக்கும்.

வண்ணம் பூசுவது குற்றம் என்று நான் கருதவில்லை. பிழம்பின் அழகைப் பிறருக்குக் கடத்த அது உதவுகிறது. ஆனால் என்ன செய்தோம் என்பதைப் பார்ப்பவருக்குச் சொல்லவேண்டும். தேதி, உலகப் பொது நேரத்தில் தொடக்கமும் முடிவும், துளை, வடிகட்டியின் அலைநீள அகலம், படங்களுக்கிடையே உள்ள இடைவெளி, வடக்கு எந்தப் பக்கம், எதிர்மறையாக்கியதா, இணைத்ததா: இவ்வளவும் இரண்டு வரியில் அடங்கும். அந்த இரண்டு வரி இருந்தால் எத்தனை பொன்பூச்சு பூசினாலும் அது ஒரு பதிவு. பதப்படுத்தாத மூலக்கோப்பில் சில தொகுதிகளையாவது காத்துவைப்பது அடுத்த கடமை.

விண்கலம் இருக்கும்போது இது எதற்கு?

2010 பிப்ரவரியில் ஏவப்பட்ட நாசாவின் எஸ்.டி.ஓ. விண்கலம் 4,096 × 4,096 பிக்சல் படங்களை 12 வினாடிக்கு ஒருமுறை அனுப்புகிறது. ஹவாயின் ஹாலியகாலா உச்சியில் 4 மீட்டர் துளை கொண்ட டேனியல் இனூயே தொலைநோக்கி 2020இல் வெளியிட்ட முதல் படங்கள் 30 கிலோமீட்டர் நுண்மையைத் தொட்டன. இந்தியாவின் ஆதித்யா எல்-1, செங்கோட்டையில் பிறந்த நிகார் ஷாஜியைத் திட்ட இயக்குநராகக் கொண்டு 2023 செப்டம்பர் 2 அன்று புறப்பட்டு, 2024 ஜனவரி 6 அன்று தன் இடத்தை அடைந்தது. இவற்றோடு ஆர்வலரின் கருவி போட்டியிட முடியாது. போட்டியிடவும் வேண்டியதில்லை.

ஆயினும் ஓர் இடைவெளி இருக்கிறது. எஸ்.டி.ஓ. ஹைட்ரஜன் ஆல்ஃபாவில் பார்ப்பதில்லை. ஆதித்யாவின் சூயிட் கருவி 200 முதல் 400 நானோமீட்டர் வரையிலான புற ஊதாவைப் பார்க்கிறது. பிழம்புகளின் குளிர்ந்த ஹைட்ரஜனைக் காட்டும் சிவப்புக் கோட்டை நாள்தோறும் தொடர்வதில் தரைக் கருவிகளுக்கே பெரும்பங்கு. உதய்ப்பூர் உட்பட ஆறு இடங்களில் அமைந்த காங் என்னும் தொலைநோக்கி வலைப்பின்னல் அந்தப் பணியைச் செய்கிறது; மேகமும் பழுதும் அதற்கும் உண்டு. முழு வட்டைப் பார்ப்பதற்காக அமைந்த கருவி அது. ஒரே பகுதியை உருப்பெருக்கி, பத்து வினாடிக்கு ஒரு படமாகத் தொடரும் ஆர்வலர், அதில் இல்லாத நுணுக்கத்தை ஒரு நல்ல காலையில் பிடித்துவிட முடியும்.

பலர் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2017 ஆகஸ்ட் 21 சான்று. அமெரிக்காவைக் குறுக்கே கடந்த முழுக் கிரகணப் பாதையில் 68 இடங்களில், ஆர்வலர்களும் மாணவர்களும் ஒரே மாதிரியான சிறு தொலைநோக்கிகளையும் கேமராக்களையும் வைத்துக் காத்திருந்தார்கள். சிட்டிசன் கேட் என்பது திட்டத்தின் பெயர். ஒவ்வோர் இடத்திலும் முழுமறைவு இரண்டு நிமிடம்தான். அவற்றைக் கோத்தபோது சூரியனின் வெளி அடுக்கான ஒளிமகுடத்தின் உட்பகுதியின் ஒன்றரை மணி நேர வரலாறு கிடைத்தது. இங்கே வென்றது ஒரே அளவுக் கருவி, ஒரே முறை, துல்லியமான நேரம்.

தனியொருவர் பயனும் வரலாற்றில் இருக்கிறது. டெஸ்ஸாவ் நகர மருந்துக்கடைக்காரர் ஹைன்ரிக் ஷ்வாபே 1826 முதல் 17 ஆண்டுகள் வெயில் அடித்த நாளெல்லாம் சூரியப் புள்ளிகளை எண்ணினார். தேடியது புதனுக்கு உட்புறம் ஒரு கோளை. கிடைத்தது சூரியப் புள்ளிகள் ஏறக்குறையப் பத்தாண்டுக்கு ஒருமுறை பெருகிக் குறையும் சுழற்சி. அந்தச் சுழற்சியின் 25ஆவது சுற்று 2019 டிசம்பரில் தொடங்கி 2024இல் உச்சக்கட்டத்தை எட்டியது. அதில் 2024 மே மாதப் பெரும் சூரியப் புயலின்போது லடாக்கின் ஹான்லேயில்கூட வானம் சிவந்தது. அந்தப் புயலைக் கிளப்பிய புள்ளிக்கூட்டத்தை உலகெங்கும் ஆர்வலர்கள் தங்கள் மாடிகளிலிருந்து படமெடுத்திருந்தார்கள்.

கண்ணுக்கு ஒரு சொல்

விழித்திரையில் வலி உணரும் நரம்பு இல்லை. சுட்டுப்போவது அந்த நேரத்தில் தெரியாது. சில மணி நேரம் கழித்துப் பார்வையின் நடுவில் கரும்படலமாகத் தெரியும்போது காலம் கடந்திருக்கும். ஆகவே வடிகட்டி எப்போதும் தொலைநோக்கியின் முகப்பில் இருக்கவேண்டும். கண்வில்லையில் திருகும் சிறு கறுப்புக் கண்ணாடி குவிந்த வெப்பத்தில் வெடித்துவிடும். அதைத் தொடவே கூடாது. வெண்ணொளிப் படலத்தை ஒவ்வொரு முறையும் விளக்கொளியில் பிடித்து ஊசித்துளை உண்டா என்று பார்க்கவேண்டும். எக்ஸ்ரே தாள், புகைபடிந்த கண்ணாடி, குறுவட்டு எதுவும் பாதுகாப்பல்ல. பக்கத்துச் சிறு தேடுகுழலை மூடிவைக்க மறக்கவேண்டாம். சூரியத் தொலைநோக்கியின் வடிகட்டிகளைக் கழற்றி வேறு கருவியில் மாட்டிப் பார்ப்பது பெரும் ஆபத்து. குழந்தைகள் கூடும் இடத்தில் கருவியை விட்டு ஒரு நிமிடமும் விலகக் கூடாது. கேமரா வழியே திரையில் காட்டினால் பத்துப்பேர் ஒரே நேரத்தில் அச்சமின்றிப் பார்க்கலாம். பள்ளிகளுக்கு இதுவே சிறந்த வழி.

முடிவாக

மூன்று முடிவுகளுக்கு வரலாம். சூரியனின் அசைவை அறியப் பெருங்கருவி கட்டாயமில்லை. 40 மில்லிமீட்டரும் பொறுமையும் போதும். சூரியனைப் படமெடுக்கும் கலையில் ஆர்வலர் பின்னால் வந்து சேர்ந்தவர் அல்லர். காரிங்டன், லாக்யர், மெக்மாத், எவர்ஷெட் என்று அதன் வேரிலேயே அவர் இருக்கிறார். அவருடைய ஏழரை வினாடிப் படம் ஆவணமாக உயர்வது கூர்மையால் அன்று. நேரமும் முறையும் ஒளிக்காமல் எழுதிவைக்கும் ஒழுக்கத்தால்.

காரிங்டன் அன்று சுடரைப் படமெடுக்கவில்லை. ஆனால் நேரத்தைக் குறித்திருந்தார். கியூ ஆய்வகத்தில் ஓடிக்கொண்டிருந்த காந்தமானியின் சுவடியைப் பிறகு புரட்டியபோது, அதே நாளில், அதே நேரத்தில், பூமியின் காந்தப்புலம் சிறிதாக அதிர்ந்த கோடு அதில் பதிந்திருந்தது. ஏறக்குறையப் பதினேழரை மணி நேரம் கழித்து வந்த பெரும் காந்தப் புயலும் பதிந்திருந்தது. சூரியனில் நடப்பது பூமியைத் தொடும் என்ற எண்ணத்துக்கு அந்த இரண்டு தாள்களும் சேர்ந்து வழிதிறந்தன. அவற்றை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க முடிந்ததற்குக் காரணம், அவர் குறித்துவைத்த 11 மணி 18 நிமிடம்.